ஆணி அடித்த ஸ்டூல்

அந்த ஸ்டூலை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யார் தலையில் பழியைப் போடுவது என்று நீங்கள் தேட வேண்டாம்.

அடுத்தவர் வீட்டுக்கு நாற்காலி, மேசை, விளக்கு என்று பொருத்தம் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பது என் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறேன். சோபாவுக்காக மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கும் மனிதர்கள், ஸ்டூல் என்று வந்தால் கண்ணில் பட்ட முதல் பிளாஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையல் மேடைக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவே ஒரு சாணும் மூன்று விரலும் இடம் விட வேண்டும். கூடினால் முதுகு வலிக்கும், குறைந்தால் முழங்கால் இடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

நாங்கள் சொந்த வீட்டுக்குக் குடிவந்தபோது எங்கள் மேடைக்கு மூன்று ஸ்டூல் தேவைப்பட்டது. என் கணவர் கணக்கு வாத்தியார். மூன்றும் ஒரே மாதிரி, புதுசாக இருக்கட்டும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றும் புதுசாக இருந்தால் அது வீடா, ஹோட்டலா? இரண்டு புதுசு, ஒன்று பழசு என்று முடிவானது. கறுப்பு இரும்புக் கால் வைத்த புது ஸ்டூல்கள் அடுத்த வாரமே வந்து இறங்கிவிட்டன. பழசுக்கு நான் தேடிக்கொண்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் ஸ்டூல் போடுகிறவள் வீட்டில் ஒரு ஆள் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறது என்று அவர் தினமும் ஒருமுறை சொல்லிக்காட்டினார்.

பழைய சாமான் கடைக்காரரின் கிடங்கில்தான் அது கிடைத்தது. மூன்று இரும்புக் கால்கள். நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு திருகுத் தண்டு. அதன் மேல் வட்டப் பலகை. பலகையைச் சுற்றினால் ஏறும், இறங்கும் வகை. டேப்பை வைத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். எங்கள் மேடைக்கென்றே செய்த மாதிரி.

உற்றுப் பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. இரும்புக்கு எழுபது வயதாவது இருக்கும், பலகைக்குப் பத்துகூட இருக்காது. யாரோ பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, அது சுற்றவில்லை. தண்டின் குறுக்கே ஒரு தடித்த ஆணியை அறைந்து, இரண்டு முனையையும் மடக்கி, மேலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தார்கள்.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவருடைய வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார். அவர் காலமாகிவிட்டார், மனைவிதான் கொடுத்துவிட்டாராம்.

"அந்தம்மா ஆணியை மட்டும் எடுக்காதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்கெதுக்கு வம்பு, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்றார்.

நான் சிரித்தேன். இந்தத் தொழிலில் இப்படி எத்தனையோ கேட்டாயிற்று. ரிப்பேர் தெரியாத யாரோ ஆட்டத்தை நிறுத்த ஆணி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பழைய பொருள் முதலில் எப்படி வேலை செய்ததோ அப்படி வேலை செய்ய வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அது ஒரு நோய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் உட்கார்ந்து, ஈயத்தைச் சுரண்டி, ஆணியை அராவி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. எண்ணெய் விட்டதும் ஒரு விரல் பட்டால் போதும், வழுக்கிக்கொண்டு சுற்றியது. எங்கள் ஏழு வயது மகள் அதில் ஏறித் தலை கிறுகிறுக்கும்வரை சுற்றினாள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பிறகு அவள் அப்பா உட்கார்ந்தார், நான் உட்கார்ந்தேன். தொட்டிக்குக் குழாய் பொருத்த வந்திருந்தவர் ஆறடிக்கு மேல் உயரம், வாலு அவரை நெட்டை மாமா என்பாள். அவரையும் விடாமல் பிடித்து உட்கார வைத்தாள்.

மேடைக்கு மேலே ஒரு தொங்கு விளக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். உட்கார்ந்திருப்பவர் கண்ணில் வெளிச்சம் குத்தாமல் தொங்கவிட வேண்டும். அதற்காகப் பலகையிலிருந்து கண்வரை ஒவ்வொருவருக்கும் அளந்து நோட்டில் எழுதினேன். கணவர் எழுபத்தொன்பது, நான் எழுபத்து மூன்று, வாலு ஐம்பத்து நான்கு. நெட்டை மாமா தன்னையும் அளக்கச் சொன்னார். எண்பத்து நான்கு. தன் அளவுக்கு ஸ்டூல் செய்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் பலகையைச் சுற்றி அறுபத்திரண்டில் நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் காலை அது அறுபத்தொன்றில் இருந்தது.

வாலுவைத் திட்டினேன். அதற்கு அடுத்த நாள் அறுபது. நாளுக்கு ஒரு சுற்று, ஒரு சென்டிமீட்டர். எண்ணெய் அதிகமாகிவிட்டது, தன் பாரத்திலேயே இறங்குகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மேலே ஏற்றி வைக்கப் பார்த்தால் அசையவில்லை. ஒரு விரலுக்கு வழுக்கியது இப்போது இரண்டு கைக்கும் மசியவில்லை. தினமும் காலையில் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். வேலைப் பழக்கம், வேறொன்றும் இல்லை.

பிறகு வாசனை வந்தது. சமையலறையில் புளித்த ஒரு நெடி, காடியைத் திறந்து வைத்த மாதிரி. தொட்டியைக் கழுவினேன், குப்பைக் கூடையை மாற்றினேன். போகவில்லை.

பிறகு கோடு. ஸ்டூலுக்கு எதிர்ச் சுவரில், புது வெள்ளைப் பூச்சின் மேல், ஒரு சாண் நீளத்துக்கு நீலப் பென்சில் கோடு. தரையிலிருந்து நூற்றிருபத்தெட்டு சென்டிமீட்டர். வாலுவைக் கூப்பிட்டேன்.

"நான் போடலம்மா" என்றாள்.

கோட்டை மறுபடி பார்த்ததும் அவள் சொல்வது உண்மை என்று தெரிந்தது. நீர்மட்டம் வைத்தாலும் குறை சொல்ல முடியாத கோடு. என் மகளுக்கு ஸ்கேல் வைத்துக்கூட நேராகக் கோடு போட வராது. அழித்தேன். மறுநாள் இருந்தது. மேலே வெள்ளை அடித்தேன். காய்வதற்குள் வந்துவிட்டது.

பதினெட்டாம் நாள் பலகை நாற்பத்து நான்குக்கு இறங்கி, நின்றது. மறுநாளும் நாற்பத்து நான்குதான். ஒருவழியாக அடங்கியது என்று நினைத்தேன். அன்று பகல் பதினொரு மணி இருக்கும். நான் கூடத்தில் இருந்தேன். சமையலறை ஒரு கணம் வெள்ளையாக எரிந்தது.

மின்னல் இல்லை. வெளியே நல்ல வெயில்.

உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. புளித்த நெடி மட்டும் மூக்கை அடைத்தது. மாலையில் கீழ்வீட்டு அம்மா வந்து செய்தி சொன்னார். நெட்டை மாமா அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாராம். திடீரென்று வெளிச்சம் அடித்த மாதிரி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவே இல்லை. மணி பதினொன்று இருக்குமாம்.

எனக்கு அழுகை வந்தது. நல்ல மனிதர். ஆனால் ஸ்டூலையும் அவரையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? மறுநாள் காலை பலகை நாற்பத்தைந்தில் இருந்தது. அடுத்த நாள் நாற்பத்தாறு. இப்போது ஏறிக்கொண்டிருந்தது. சில நாள் பட்டப்பகலில் பலகை சுற்றும் சத்தமும் கேட்டது.

கிர்ர்.

ஒரே ஒரு சுற்று. பிறகு நிசப்தம்.

இருபத்து மூன்று நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமதமாகத் தொங்கு விளக்கு வந்து சேர்ந்தது. மாட்டுவதற்காக நோட்டைப் பிரித்தேன். இடப்பக்கத்தில் எங்கள் கண் அளவுகள். வலப்பக்கத்தில் நாள்தோறும் நான் எழுதி வந்த ஸ்டூலின் உயரம். நெட்டை மாமாவின் எண்பத்து நான்கைப் பார்த்தேன். ஸ்டூல் நின்ற நாற்பத்து நான்கைப் பார்த்தேன். சும்மா கூட்டினேன்.

நூற்றிருபத்தெட்டு.

தலையைத் தூக்கினேன். எதிரே நீலக் கோடு இருந்தது.

என் கணவர் எழுபத்தொன்பது. அவர் கண் அந்தக் கோட்டுக்கு வர வேண்டுமானால் பலகை நாற்பத்தொன்பதில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டது. எனக்கு ஐம்பத்தைந்து. அதையும் நிற்காமல் தாண்டிவிட்டது. ஆள் குள்ளமாக ஆக, பலகை உயர வேண்டும். அன்று காலை அது அறுபத்தேழில் இருந்தது. இனி அதில் உட்கார்ந்தவர்களில் மீதி ஒரே ஒருத்தி. அவளுக்கு எழுபத்து நான்கு. இன்னும் ஏழு நாள்.

என் உயரத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்டது இன்றும் நினைவிருக்கிறது.

கடைக்காரரிடம் நம்பர் வாங்கி அந்த ஸ்டுடியோக்காரரின் மனைவியை அழைத்தேன். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்.

"ஆணியை எடுத்துட்டீங்களா?"

எடுத்துவிட்டேன் என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் கணவர் கேமராவை ஒரே உயரத்தில் தூணில் இறுக்கி வைத்திருந்தாராம். கேமராவை நகர்த்த மாட்டாராம். வந்த ஆளைத்தான் ஏற்றி இறக்குவாராம். எதிர்ச் சுவரில் நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்து, கண் அந்தக் கோட்டுக்கு வரும்வரை விட மாட்டாராம். அந்தப் புளித்த நெடி, படம் கழுவுகிற மருந்தாம். அவர் இறந்த பிறகும் ஸ்டூல் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் இறந்தது பக்கத்துக் கடைக்காரர், பிறகு கணவரின் சொந்தத் தம்பி. ஒருமுறை உட்கார்ந்தவர்களைத்தான் அது தேடும், அவர்களில் யாரிடம் நிற்கும் என்பது அதன் இஷ்டம் என்றார்.

எரித்துவிடலாமா என்று கேட்டேன்.

"எரிச்சேன். பலகைதான் எரிஞ்சது. தண்டு சாம்பல்லயே சுத்திச்சு."

எங்கேயாவது கொண்டுபோய் எறிந்துவிட்டால்?

"எங்க கிடந்தாலும் சுத்தும். கண்ணு முன்னால இருந்தா எங்க நிக்குதுன்னாவது தெரியும். மறுபடி ஆணி அடிங்கம்மா. இன்னிக்கே அடிங்க" என்று வைத்துவிட்டார்.

நான் ஆணியை எடுத்த பழைய துளை தண்டோடு ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏறிவிட்டிருந்தது. புதுத் துளை போட வேண்டும். என் கணவர் முதலில் நம்பவில்லை. நோட்டைக் காட்டினேன். கணக்கு வாத்தியார் அல்லவா, கூட்டிப் பார்த்தார். இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டூலைத் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறை எல்லாம் மூடிக் கிடந்தது. மறுநாள் காலை ஒரு லேத் பட்டறையில், துளை போடும் ஊசி இரண்டு முறிந்து, மூன்றாவதுதான் இறங்கியது. முதல் ஊசி முறிந்தபோதே பலகை ஒரு சுற்றுச் சுற்றி அறுபத்தெட்டுக்கு ஏறியது. அதே உயரத்தில் ஆணி அடித்து, முனைகளை மடக்கி, ஈயம் ஊற்றச் சொன்னேன். பட்டறைக்காரர் நல்ல ஸ்டூலைக் கெடுக்கிறீர்களே என்றார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அறுபத்தெட்டு எங்கள் வீட்டில் யாருடைய உயரமும் இல்லை. எனக்கும் வாலுவுக்கும் நடுவே, யாருக்கும் பொருந்தாத உயரம். அன்று வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள், எதுக்கும்மா அழற, மூச்சு முட்டுது என்று திமிறினாள்.

சத்தம் நின்றது. நெடி மெல்லக் குறைந்தது. கோட்டை அழித்தேன், வரவில்லை. ஸ்டூலைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். மாதம் ஒருமுறை இறக்கி அளப்பேன். அறுபத்தெட்டு. எப்போதும் அறுபத்தெட்டு. மூன்றாவது ஸ்டூலாகப் புதுசே ஒன்று வாங்கினோம். என் கணவர் சொல்லிக்காட்டவில்லை.

ஒன்றே முக்கால் வருடம் இப்படி நிம்மதியாகப் போனது.

போன மாதம் ஒரு வீட்டுக்கு அலமாரி அளக்கப் போன இடத்தில், அந்த ஸ்டுடியோக்காரரின் மனைவி அதே தெருவில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. நேரில் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. உட்காரச் சொன்னார். உட்கார நாற்காலி இருந்தது, ஸ்டூல் என்று ஒன்றுகூட இல்லை.

சுவரில் வரிசையாகப் படங்கள். பெரியவர், சிறியவர், ஆண், பெண். எல்லாப் படத்திலும் கண்கள் ஒரே உயரத்தில் இருந்தன. நான் அளக்கவில்லை. அளக்கத் தேவை இருக்கவில்லை. வரிசையின் கடைசியில், மாலை போட்டு, ஒரு பையன் படம், பன்னிரண்டு வயதிருக்கும்.

யார் என்று கேட்டேன்.

"என் மகன்."

ஆணி அடித்த பிறகு நின்றுவிட்டது என்றல்லவா நினைத்தேன் என்றேன்.

"நின்னுடுச்சு. அவனைத் தேடித்தான் ஏறிக்கிட்டு இருந்தது. பாதியிலயே நிறுத்திட்டேன். அப்ப அவனுக்கு எட்டு வயசு." அவர் மகனின் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது சுத்தறதை நிறுத்தினேன். அவன் வளர்றதை நான் நினைக்கவே இல்லை."

நான் எழுந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்று போனில் நான் மகளைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"வீட்ல குழந்தை இருக்கா?" என்று மெல்லக் கேட்டார். "எந்த உயரத்துல அடிச்சீங்க?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

வழியெல்லாம் கணக்குத்தான். பலகை அறுபத்தெட்டு. கோடு நூற்றிருபத்தெட்டு. நடுவே அறுபது. உட்கார்ந்தால் வாலுவின் கண் என்றைக்கு அறுபதுக்கு வருகிறதோ, அன்றைக்கு. ஆணியைப் பிடுங்கினால் ஸ்டூல் அவளைத் தேடி மேலே ஏறும். விட்டுவைத்தால் அவளே வளர்ந்து அதனிடம் போய்ச் சேருவாள். நெட்டை மாமா இறந்த மறுநாள் நாற்பத்தைந்தில் அடித்திருந்தால் யாருக்கும் எக்காலமும் பொருந்தியிருக்காது. நோட்டின் அந்த இரண்டு பக்கத்தையும் நான் அன்றே சேர்த்துப் பார்க்கவில்லை. பதினோரு வருடம் அளந்த கை இது.

வீட்டுக்கு வந்ததும் வாலுவைத் தரையில் உட்கார வைத்து, கதவு நிலையில் முதுகைச் சாய்க்கச் சொல்லி அளந்தேன்.

ஐம்பத்தெட்டு.

என் கணவரிடம் சொன்னேன். அவர் இந்த முறை கூட்டிப் பார்க்கவில்லை. பால்கனிக்குப் போய் நின்றார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அன்றிரவு வாலுவின் தட்டில் ஒரு கரண்டி குறைத்து வைத்தேன். தெரிந்தேதான் செய்தேன். போதலம்மா, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினாள். என் கை அப்படியே நின்றது. பிறகு என்னையே திட்டிக்கொண்டு இரண்டு கரண்டியாக வைத்தேன். மறுநாளும் குறைத்தேன். மறுநாளும் அவள் கேட்டாள், வைத்தேன். இந்தப் பாவத்தை எந்த வாயால் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று காலை மறுபடி அவளை நிலைக்கதவருகே உட்கார வைத்தேன். இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, முதுகை நன்றாக நிமிர்த்திக்கொண்டாள். ஐம்பத்தெட்டரை. கையிலிருந்த பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டேன்.

அப்போதுதான் அந்தப் புளித்த நெடி வந்தது.

என் கோட்டுக்கு மேலே, ஒரு விரற்கடை தள்ளி, இன்னொரு கோடு ஏற்கெனவே இருந்தது. நீலம். நீர்மட்டம் வைத்தாலும் குறை சொல்ல முடியாத கோடு.

வாலு திரும்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னும் கொஞ்சூண்டுதாம்மா. அடுத்த தடவை தொட்டுடுவேன்" என்றாள்.